அடியில் அடித்த கதை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், தையல் கடையும் நலம், கொஞ்சம் வெளுத்துப்போயிருக்கிறது அவ்வளவுதான். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, சௌக்கியமாக இருக்க வேண்டும். கடை வெளுத்த கதையை அம்மா போனில் சொல்வதற்குள் நானே எழுதிவிடுகிறேன், அவள் சொன்னால் என் மானம் முழுதாகக் கப்பலேறிவிடும்.

போன தடவை வந்தபோது வாசல் கதவை ஒட்டி ஒரு தீயணைக்கும் சிலிண்டரை மாட்டிவிட்டுப் போனாய் அல்லவா, நீ ஊருக்குக் கிளம்பிய கையோடு அதைக் கழற்றிக் கடையின் கோடியில் துணி மாற்றும் மறைப்புக்குப் பின்னால் வைத்தேன். அந்த ஆணியில் தைத்து முடித்த கோட்டுகளை மாட்டினால் தெருவில் போகிறவர்கள் கண்ணில் படுமே என்ற வியாபார மூளை. அப்புறம் நீ போனில் பாடம் எடுத்தாய். உள்ளே இருப்பது பவுடர், பின்னைப் பிடுங்கணும், அடியில அடிக்கணும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, சரி சரி தெரியும் என்று வைத்துவிட்டேன். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, அவ முழுசா சொல்லட்டுமே என்றாள். நான் காதில் வாங்கவில்லை, அவள்தான் அப்புறம் உன்னைக் கூப்பிட்டு மீதியைக் கேட்டுக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு கால்சட்டைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தேன். எதிர்க்கடை ரேடியோ மெக்கானிக் கூப்பிட்டார், இஸ்திரிப் பெட்டியைத் துணிமேலேயே விட்டுவிட்டு அவருக்கு உலக அரசியலை விளக்கப் போனேன். திரும்பி வந்தால் மேஜை எரிகிறது. சிலிண்டரை எடுக்க அதைத் தாண்டி உள்ளே ஓடினேன், எடுத்துத் திரும்பினால் எனக்கும் வாசலுக்கும் நடுவில் நெருப்பு. அப்போது பார்த்து உன் பாடம் ஞாபகம் வந்தது. சிலிண்டரைத் தலைகீழாகப் பிடித்து, முகப்பவுடர் டப்பாவைத் தட்டுகிற மாதிரி அதன் அடியில் அடி அடி என்று அடித்தேன். ஒரு பொட்டுகூட வரவில்லை. சாப்பாட்டோடு வந்த அம்மா வாசலிலிருந்த மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, நெருப்போட அடியிலங்க, முதல்ல பின்னப் பிடுங்குங்க என்று கத்தினாள். பின் குத்தியே பிழைத்தவனுக்குப் பிடுங்கத் தோன்றவில்லை பார். பிடுங்கி அழுத்தினேன், தரையைக் கூட்டுற மாதிரி இப்படியும் அப்படியும் என்றாள், நான் என்றைக்குக் கூட்டினேன், எப்படியோ அணைந்தது. கண்ணாடியில் வெள்ளைப் புருவத்தோடு ஒரு பெரியவர் தெரிந்தார், வாடிக்கையாளர் என்று நினைத்து வாங்க என்றேன்.

சிரிப்பாக எழுதுகிறேனே தவிர, பயந்துவிட்டேன் மகளே. உன்னை இன்னொரு தடவை பார்க்காமலே போய்விடுவேனோ என்றுதான் அப்போது நினைத்தேன். உன் அம்மா கடைசிவரை வாசலைவிட்டு நகராமல் திட்டிக்கொண்டே நின்றாள். சாயங்காலம் என் தலையிலிருந்து பவுடரைக் கழுவிவிடும்போதுதான் அழுதாள்.

புதுச் சிலிண்டர் இப்போது பழைய ஆணியில் தொங்குகிறது, கோட்டுகள் மறைப்புக்குப் பின்னால் போய்விட்டன. உன் வீட்டில் அது வாசலோரம் இருக்கிறதா என்று பார். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதே, அடுப்பை அணைத்துச் சட்டியை மூடு, கைமீறினால் எதையும் எடுக்காமல் வெளியே ஓடு. இதெல்லாம் நீ சொன்னதுதான், இப்போது அம்மாவிடம் கேட்டு எழுதுகிறேன். இருவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய், அந்தப் பாடத்தை முதலிலிருந்து சொல். நடுவில் வெட்ட மாட்டேன், கத்தரி இனிமேல் துணிக்கு மட்டும்தான்.

இப்படிக்கு,
அடி எது, பின் எது என்று இப்போதுதான் தெரிந்துகொண்ட
உன் அப்பா