அமாவாசையன்று படுத்த கோடு

ஜூன் 13, சனி
காலையிலிருந்து தூறல். வாசலில் மாம்பழ லாரிகள் ரோடு வரை. சீசன் உச்சம். மாங்கூழ் ஆலை முழுக்கக் குளிர்ச்சி, எங்கள் பாய்லர் ஹவுஸில் மட்டும் சித்திரை வெயில்.

என் பிரஷர் சென்சார் ஒருவழியாகப் பொருத்தியாயிற்று! எங்கள் பாய்லர் அடுப்பில் மணல் படுகை; அடியிலிருந்து காற்று அடிக்க, தீக்குள் அது உலைச்சோறு மாதிரி கொதிக்கிறது. அந்தக் கொதிப்பில் பிரஷர் ஏறி இறங்கும், திரையில் கோடு குதிக்கும். குதிப்பு குறைந்தால் மணல் கட்டிக்கொள்கிறது என்று அர்த்தம். அடியோடு படுத்தால் பாய்லரை நிறுத்தவேண்டியதுதான். இதைப் புரியவைக்க மேனேஜரிடம் எத்தனை நடை!

செவ்வாய்க்குள் இதனால் உபயோகம் உண்டு என்று காட்டணுமாம். இல்லாவிட்டால் கழற்றிவிடுவார்களாம், நான் மறுபடி பேக்கிங்கில் டின் எடைபோடணுமாம். மாட்டேன்.

பாய்லர் ஆபரேட்டர் பச்சையப்பன் அண்ணன் (இனி ப.அ.) பார்வைத் துளையில் கண் வைத்தே காலம் தள்ளியவர். என் திரையைப் பார்த்து, பாய்லருக்கு ஈ.சி.ஜி.யா என்கிறார். கிண்டல்தான், ஆனால் சரியான பெயர்.

வாங்க: குடை, தேங்காய் எண்ணெய்.

ஜூன் 14, ஞாயிறு. அமாவாசை
பாய்லருக்குப் பூஜை. கழுவி, சந்தனம் குங்குமம், குழாய்க்குக் குழாய் சாமந்தி மாலை. பூசணிக்காய் உடைத்தார்கள். பொரியில் கடலை கம்மி.

பொரி மென்றபடி திரையைப் பார்த்தேன். கோடு நேர்கோடு. நிறுத்துங்க, நிறுத்துங்க என்று மேனேஜர் வரை ஓட்டம். லாரிக்காரர்கள் எல்லாம் என்னையே பார்க்க, மேனேஜர் முகம் கறுக்க... ப.அ. துளையில் பார்த்துவிட்டு வந்தார். மணல் ஜோராகக் கொதிக்கிறதாம்.

பிறகுதான் பார்த்தேன். சென்சார் குழாயின் சின்ன வால்வுக் கைப்பிடியில் குண்டாக ஒரு மாலை. பாரத்தில் கைப்பிடி கீழே இறங்கி வால்வு மூடிக்கிடக்கிறது. மாலை போட்டது ப.அ.வேதான்.

"உன் மிஷினுக்கும் சாமி கும்பிடணும்னு ஆசையா போட்டேம்மா," என்றார், பாவமாக. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவருக்கும். மேனேஜருக்கு மட்டும் வரவில்லை. நாளை சாயங்காலமே கழற்றச் சொல்லிவிட்டார். அறைக்கு வந்ததும் அழுகை. கொஞ்சம்தான்.

ஜூன் 15, திங்கள்
மழை இல்லை. டீ சுமார்.

மதியம் கோடு சோர்ந்தது. படுக்கவில்லை, குதிப்பு மட்டும் சின்னதாகிக்கொண்டே போனது. சொல்ல பயம். நேற்றுக் கத்தியவள் இன்றும் கத்தினால்? வால்வு திறந்துதான் இருக்கிறது. துளையில் பார்த்தேன், மேலே எல்லாம் ஒழுங்கு. சொல்லாமல் விட்டால் தப்பித்துக்கொள்ளலாம், பாய்லர் தப்பிக்காது. ப.அ.விடம் மெதுவாகச் சொன்னேன்.

முதலில் மாலை ஏதும் தொங்குகிறதா என்று சுற்றிவந்தார். பிறகு அடிக்குழாயைத் திறந்து கொஞ்சம் மணல் இறக்கினார். தேங்காய் அளவு கட்டி ஒன்று தடாலென்று விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று!

எரிக்க வந்த மாங்கொட்டையில் அலசாத சதை. அதிலுள்ள உப்புச்சத்து உருகி மணலை ஒட்டவைத்திருக்கிறது. கொட்டையை நிறுத்திக் கடலைத்தோல் போட்டோம். பாய்லரை நிறுத்தாமலேயே பழைய மணல் வெளியே, புது மணல் உள்ளே. கோடு தள்ளாடி எழுந்து, குதித்தது. நான் நிஜமாகவே ஆடினேன், ஹெல்மெட்டோடு.

சாயங்காலம் சென்சாரைக் கழற்ற ஆள் வந்தான். கூடவே மேனேஜர். ப.அ. குறுக்கே நின்றார்.

"இதக் கழட்டறதுன்னா பாய்லர நீங்களே பாத்துக்குங்க சார். நான் வூட்டுக்குப் போறேன்."

மேனேஜர் கட்டியைக் காலால் உருட்டிப் பார்த்தார். சரி, இருக்கட்டும் என்றார். இருக்கட்டும்! எடை மெஷினே, போய் வா.

ஜூன் 16, செவ்வாய்
வெயில். குடை இன்னும் வாங்கவில்லை. ப.அ.வுக்கு இன்று வார லீவு.

காலை டீக்கு முன்பே அவரிடமிருந்து போன். பின்னால் கோழிச் சத்தம்.

"ஏம்மா, கோடு எப்படி இருக்குது?"