காவடிப் பட்டையின் நான்கு நட்டுகள்

மே 4, திங்கள்

காலை எட்டுக்கே வெயில். துணி துவைக்கவில்லை.

போன வருடம் முனியாண்டி கேட்ட கேள்விக்கு இன்று ஒரு புத்தகத்தில் பதில் கிடைத்துவிட்டது! தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில், கையில் ரம்பத்தோடு வியர்த்து நின்று கேட்டான்: "டீச்சர், துருவே பிடிக்காத இரும்பு எப்படி டீச்சர் இப்படி ஒட்டிக்கும்?" என்னிடம் படித்தவன், இப்போது செண்டாயானில் வெல்டிங் பட்டறை. முப்பத்தொரு வருடம் அறிவியல் நடத்திய எனக்குப் பதில் தெரியவில்லை.

அப்போது என் தம்பி கணேசன் காவடிக்குள் நின்றான். முனியாண்டி புதிதாக ஸ்டெயின்லெஸ்ஸில் செய்த காவடி. இடுப்புப் பட்டையில் அவன் ட்ரில்லால் முறுக்கிய நான்கு நட்டும் இறுகிப்போயின. கிரைண்டர் வைத்தால் தீப்பொறி வெற்றுடம்பில் தெறிக்கும். முக்கால் மணி நேரம் ரம்பத்தால் அறுத்தோம். அதுவரை தம்பி காவடியைச் சுமந்தபடியே நின்றான்.

பதில்: ஸ்டெயின்லெஸ்ஸுக்கு மேலே மிக மெல்லிய தோல் ஒன்று. துருவைத் தடுப்பது அதுதான். போல்ட்டின் மரை நட்டின் மரையோடு அழுந்தி உரசினால் தோல் உரியும். பச்சை உலோகமும் பச்சை உலோகமும் சேர்ந்து ஒன்றாகிவிடும். ரப்பர் கன்றுக்கு ஒட்டுக் கட்டுவது போலவே! பட்டையை உரித்து, வேறு மரத்து மொட்டை வைத்து, இறுக்கிக் கட்டினால் பிடித்துக்கொள்கிறதே.

முனியாண்டிக்குப் போன் செய்தேன். "அலமாக், ஐயையோ! அப்போ நான் ட்ரில்ல வச்சு ஒட்டுக் கட்டிட்டேனா டீச்சர்?"

மே 5, செவ்வாய்

மழை. பிரஷர் மாத்திரை மறந்தேன்.

தம்பி வீடு. அவன் மகள் பிரசவம் நல்லபடியாக முடிந்ததற்கு மூன்று வருடக் காவடி நேர்த்தி. இது கடைசி வருடம்; திருவிழா வரும் ஞாயிறு. அவன் மனைவி சாந்தி ஒரே பிடி. "நட்டு கழறும்னு எனக்கு நம்பிக்கை வரணும் அண்ணி. இல்லன்னா இவரு பால்குடம் எடுக்கட்டும், போதும்லா."

தம்பி முகம் தொங்கிவிட்டது. க்ரீஸ் போடலாமே என்றேன். "அதுல என்ன மிருகக் கொழுப்போ! நாப்பத்தெட்டு நாள் விரதம்கா. வேணாம்."

போன வருடம் நடந்தது இப்போது புரிகிறது. சுத்தம் என்று எலுமிச்சையும் மஞ்சளும் போட்டு போல்ட்டுகளைத் தேய்த்தோம். இருந்த எண்ணெய்ப் பசையும் போயிற்று. அதன்மேல் ட்ரில்லால் விர்ரென்று முறுக்கல். கும்பிட்டுக்கொண்டே கெடுத்திருக்கிறோம்.

மே 7, வியாழன்

சிரம்பான். வாங்கியவை: பித்தளை நட்டு 12, மெழுகுவர்த்தி 1 பெட்டி, தம்பிக்கு வாழைப்பழம்.

பித்தளை ஏனென்றால், வேறு உலோகம். ஸ்டெயின்லெஸ்ஸோடு அவ்வளவு சுலபமாக ஒட்டாது. கடைக்காரச் சீனர் மலாயில் கேட்டார், "போல்ட்டு வெள்ளி, நட்டு தங்கம். சாமிக்கா?" ஆமாம் என்றேன். சிரித்துவிட்டு ஒரு நட்டு கூடுதலாகப் போட்டார்.

மாலை பட்டறையில் சோதனை. சாந்தியும் வந்தாள்.

ஸ்டெயின்லெஸ் நட்டு, எண்ணெய்ப் பசை இல்லாமல், ட்ரில்: மூன்றாவது தடவையே பிடித்துக்கொண்டது. தொட்டேன், சூடு!
பித்தளை நட்டு, மரையில் மெழுகு, கை ஸ்பானர், மெதுவாக: இருபது தடவை மாட்டிக் கழற்றினோம். ஒன்றுமில்லை!!

பித்தளை தாங்குமா என்று பார்க்க, பட்டையில் பத்து கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டோம். தாங்கியது.

சாந்தி ஸ்பானரை வாங்கி அவளே நாலு தடவை கழற்றினாள். "சரி அண்ணி. ஆனா அன்னிக்கு நான்தான் கழட்டுவேன்."

வீடு வரும்வரை எனக்கு வாய் ஓயவில்லை. பக்கத்து வீட்டு நாய்க்கும் சொல்லியிருப்பேன்.

மே 10, ஞாயிறு

வெயில், கூட்டம், உறுமிச் சத்தம். இன்னும் காது அடைப்பு.

தம்பி லிங்கி ஆற்றங்கரையிலிருந்து கோயில் வரை நடந்து வந்துவிட்டான். ஒரு தடவைகூட உட்காரவில்லை. கூடாரத்தில் சாந்தி முட்டி போட்டாள். முதல் நட்டு. இரண்டாவது. மூன்றாவது. நான்காவது பாதியில் நின்றது.

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். முனியாண்டியின் கை ட்ரில் பக்கம் போனது.

"அதத் தொட்டீங்க, கைய ஒடிச்சிருவேன்!" சாந்திதான்.

பட்டையைக் குனிந்து பார்த்தேன். மரையில் வெள்ளையாக ஏதோ. விபூதி! வழியெல்லாம் தூவிய விபூதி.

"இழுக்காதே சாந்தி. பின்னாலே திருப்பு. மறுபடி இறுக்கு, கொஞ்சம்தான்."

திருப்பினாள். பழைய பல்துலக்கியால் விபூதியைத் தட்டி, மெழுகைத் தேய்த்தேன். முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம். நட்டு அவள் உள்ளங்கையில் விழுந்தது.

தம்பி வெளியே வந்தான். முதலில் கேட்டது தண்ணீர் இல்லை. "அக்கா, அந்த நட்ட எனக்குக் குடு."

முனியாண்டியின் டூல் பெட்டி மூடியில் ஒட்ட, பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்:

மரையைத் துடைத்து மெழுகு தடவி, நட்டைக் கையால் மாட்டு; கைக்கு இறுகினால் அழுத்தாதே, ஒரு சுற்றுப் பின்னால் திருப்பு.