கால் சுற்று அதிகம்

ஒக்டோபர் 14, செவ்வாய்

காலை வெயில். இரண்டு மணிக்கு மழை. அம்பிட்டிய பக்கம் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. முழங்கால் வலி.

திகனயில் மரம் வெட்டும் ரபீக் வந்தான். போன வாரம் நான் டியூன் செய்து கொடுத்த செயின்சோ வாள் பாதி வேலையில் இறுகி நின்றுவிட்டதாம்.

"பாஸ், நீங்க தந்த அண்டைக்கே ஒரு மாதிரி கீச்சிட்டிச்சி. பாஸ் செஞ்சதுதானேண்டு உட்டுட்டன்."

"ஒயில் கலக்காம வெறும் பெட்ரோல ஊத்தியிருப்ப."

"அல்லாஹ் மேல சத்தியமா கலந்தன். போத்தல் இந்தா ஈக்கி, பாருங்க."

பார்க்கவில்லை. வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். ஒரு வீட்டுக் கூரைமேல் சாய்ந்த பலா. கிளை கழித்தாயிற்று, அடிமரம் பாக்கி. வேறு வாள் அவனிடம் இல்லை. வீட்டுக்காரர்கள் பக்கத்து வீட்டில் படுக்கிறார்களாம். அதற்கும் நான்தான் காரணமா?

முப்பத்தெட்டு வருடம். எவனும் சொல்லித் தரவில்லை. பழைய வாளைப் பிரித்துப் பிரித்துக் கற்றது. இப்போது மீட்டர் வைத்துப் பார்ப்பவனெல்லாம் டவுனில் பாஸ். எனக்குக் காது போதும்.

15, புதன்

மழை. சிலிண்டரைக் கழற்றினேன். பிஸ்டனில் சைலன்சர் பக்கம் முழுக்கக் கீறல். பிளக் சுண்ணாம்பு வெள்ளை. பெட்ரோல் போதாமல் எரிந்த வெள்ளை.

ரபீக்கின் போத்தலிலிருந்து ஒரு சொட்டு, காகிதத்தில். பெட்ரோல் காய்ந்தது. எண்ணெய் வட்டம் நின்றது. இன்னொரு காகிதம். அதே வட்டம்.

கலந்துதான் இருக்கிறான்.

அப்படியானால் கார்புரேட்டர். முழு வேகத்துக்குப் பெட்ரோல் விடும் எச் ஸ்குரூ. இறுக்க இறுக்கப் பெட்ரோல் குறையும். நான் இறுக்கியது. அன்று எல்லாம் மந்தமாகவே கேட்டது. கரகரப்பு இன்னும் குறையவில்லை என்று கால் சுற்று கூட்டி இறுக்கினேன்.

மனைவி சரசு வந்து தோளைத் தட்டினாள். "கூப்புட்டு கூப்புட்டு தொண்டைத் தண்ணி வத்திருச்சு. டாக்டர்கிட்ட காதைக் காட்டுங்கன்னா கோவம் வருது."

"மழைச் சத்தம்டி."

மழை விட்டு அரை மணி நேரமாம்.

16, வியாழன்

மூட்டம். என் சொந்த வாளைப் பிரித்தேன். அதே மாடல். அதன் சிலிண்டர், பிஸ்டன் இரண்டையும் ரபீக்குடையதில் பூட்டியாயிற்று. என்னுடையது வெறும் கூடு.

பாக்கி: ஏர் பில்டர் கழுவ. செயினுக்கு அரம். சரசுவுக்குப் பிரஷர் மாத்திரை.

பத்து மணிக்கு ரபீக். வாளை ஸ்டார்ட் செய்து சூடேற விட்டேன்.

"நீ கேளு. கரகரப்பு போய்க் கீச்சிடத் தொடங்கின உடனே கையத் தூக்கு."

"நானா? பாஸுக்குத்தானே காது..."

"தூக்குன்னா தூக்கு."

முழு வேகம். மெல்ல இறுக்கினேன். அவன் கை உயர்ந்தது. எனக்கு இன்னும் கரகரப்புத்தான். முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை.

அங்கிருந்து கால் சுற்றுத் தளர்த்தினேன். கட்டையில் இறக்கிப் பார்க்கச் சொன்னேன். சத்தம் சுத்தம் என்றான். சரி.

ஆட்டோவில் ஏற்றும்போது, "ஒயில் சரியாத்தான் கலந்திருக்க" என்றேன்.

"அதத்தானே பாஸ் நானும் செல்லின."

"போ. மழைக்கு முந்தி மரத்த எறக்கு."