வார்டனுக்குப் போன புகார்

ஜூன் 4

மாண்புமிகு துரோகி அக்காவுக்கு,

உலகத் தலைவர்கள் அனைவரும் எழுந்து நிற்கவும். நம் வீட்டுக் குளியலறையின் நீல வாளி, நெடுநாளாகக் கைப்பிடி நோயால் அவதிப்பட்டு, இன்று காலை அப்பா கையிலேயே உயிர் நீத்தது. அப்பா நனைந்தார். நான் சிரித்தேன். பிறகு நான் அழுதேன்; காரணம் அப்பாவின் கை.

விஷயத்துக்கு வருகிறேன். உன்னோடு போனில் பேசுவதில்லை என்று சபதம் எடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவைக் கூப்பிடும் நேரத்தில் நான் மைதானத்தில் இருப்பேன். உன்னைத் திட்டுவதற்கு மட்டும் தபால்.

ஜப்பானிய மொழி வகுப்பில் சுவர்க் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தது நான்தான். மாதிரித் தேர்வு சீக்கிரம் முடிந்ததில் யாருக்கு நஷ்டம்? சார் விசாரித்தபோது வகுப்பே வாயை மூடிக்கொண்டிருந்தது. என் கூடப்பிறந்தது மட்டும் கையைத் தூக்கியது. என் தேர்வு விண்ணப்பம் சார் கையில் ரெண்டாகக் கிழிந்தது. சேர்ந்தே ஜப்பான் போய்ப் படிப்போம், சேர்ந்தே வேலை தேடுவோம் என்று சொன்னவள் தனியாக விமானம் ஏறிவிட்டாய்.

இப்போது நான் வகுப்பில் முன் பெஞ்ச். எழுத்தையெல்லாம் கரைத்துக் குடித்தாயிற்று. உன் விடுதி வார்டனுக்கு ஜப்பானிய மொழியிலேயே ஒரு புகார் தயாராகிறது. உன் குறட்டை, கரப்பானைக் கண்டால் நீ போடும் கூச்சல், அடுத்தவர் சாக்ஸை மாட்டிக்கொண்டு போகிற திருட்டுக் கால்கள், ஒன்று விடமாட்டேன்.

இப்படிக்கு,
விண்ணப்பம் கிழிந்த தம்பி


ஜூன் 19

அன்புள்ள வாலு,

வாளிக்கு ஆழ்ந்த அனுதாபம். அப்பாவுக்குச் சளி பிடிக்கவில்லையே?

அந்தக் கடிதம் மட்டும் வேண்டாம்டா. இந்த வார்டன் செருப்பு கோணலாகக் கிடந்தாலே கூப்பிட்டுக் கேட்பவர். மருத்துவமனைப் பயிற்சிக்கு யாரை அனுப்பலாம் என்று அடுத்த மாதம் அவர்தான் கையெழுத்துப் போடவேண்டும். பயிற்சி இல்லையென்றால் வேலை இல்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தவள் தையல்காரர் மகள். சார் கிழிக்கப்போனது அவள் விண்ணப்பத்தை. அவள் அழுதுகொண்டிருந்தாள், நீ மூலையில் சிரித்துக்கொண்டிருந்தாய். நான் வேறென்ன செய்திருக்கவேண்டும், சொல்லு.

உன் அக்கா


ஜூலை 5

கெஞ்சும் அக்காவுக்கு,

என்ன சுகம்! உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினேன்.

தையல்காரர் மகளிடம் கேட்டேன். "உங்கக்கா மட்டும் இல்லன்னா என் கதி அவ்வளவுதான்"னு அவளும் உனக்குத்தான் ஜால்ரா. இருக்கட்டும். அவள் விண்ணப்பம் முழுசா இருக்கு, என்னுடையதுதான் குப்பையில்.

புகாரைத் தபால் பெட்டியில் போட்டாயிற்று. ஒரு வாரம் உட்கார்ந்து எழுதியது. இனி உன் பாடு, வார்டன் பாடு. வரும்போது ஒரு வாளி வாங்கி வா.

வெற்றிவாகை சூடிய தம்பி


ஜூலை 28

வாலு,

இன்று வார்டன் கூப்பிட்டார். மேஜைமேல் உன் கையெழுத்தில் ஒரு உறை. அதை என்னிடமே நீட்டினார்.

படித்துப் பார்த்ததும் விளங்கிவிட்டது. சேட்டை செய்தவனுக்கு நம்ம சார் கொடுக்கும் தண்டனை, ஜப்பானிய மொழியில் மன்னிப்புக் கடிதம். வகுப்பிலேயே அதை அதிகம் எழுதியவன் நீ. உனக்கு எழுத வருவது அது ஒன்றுதான். புகாரையும் அதே அச்சில் வார்த்திருக்கிறாய்! "என் அக்கா குறட்டை விடுவதற்கு மனமார வருந்துகிறேன். கரப்பானைக் கண்டு கத்துவதற்குத் தலைகுனிகிறேன். சாக்ஸ் விஷயம் இனி நடக்காமல் பார்த்துக்கொள்வேன். தயவுசெய்து மன்னியுங்கள்."

வார்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "அக்காவுக்காக இவ்வளவு தூரத்திலிருந்து மன்னிப்புக் கேட்கிற தம்பியா!" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். பயிற்சி கிடைத்துவிட்டது. கூடவே ஒரு ஜோடி சாக்ஸும்.

அறைக்கு வந்து விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது. நான் அவ்வளவு கெஞ்சியும் நீ அதைப் பெட்டியில் போட்டிருக்கிறாய். சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

அக்கா


ஆகஸ்ட் 12

அக்கா,

வேண்டுமென்றேதான் மன்னிப்பு மாதிரி எழுதினேன், எல்லாம் உன்னைக் காப்பாற்றப் போட்ட திட்டம் என்று அளந்துவிடலாமா என்று யோசித்தேன். முடியவில்லை. உன்னை மாட்டிவிடத்தான் எழுதினேன்.

முன் பெஞ்ச் என்றது உண்மை. ஆனால் அது ஆரம்ப வகுப்பின் முன் பெஞ்ச். சார் என்னை அங்கே இறக்கிவிட்டார். பக்கத்தில் இருப்பவனுக்கு இப்போதுதான் பால்பல் விழுகிறது. எனக்கு எழுத்துச் சொல்லித் தருவது அவன்தான்.

நேற்று கடிகாரத்துக்காக ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிச் சாரிடம் கொடுத்தேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான். படித்துவிட்டு, "உங்கக்கா உனக்குப் பொறுப்பேத்துக்கட்டும், டிசம்பர் தேர்வுக்கு விண்ணப்பம் தர்றேன்"னார். உன்னிடம் கேட்க எனக்கு வாயில்லை. சொல்லிவைத்தேன், அவ்வளவுதான்.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை நான் மைதானத்தில் இருப்பதில்லை. ஒரு தடவைகூட இருந்ததில்லை. அம்மாவை ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டு, பக்கத்திலேயே வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

வாலு