சட்டைக் கையில் கட்டிய ராணித்தலை

ராயப்பேட்டை,
மார்ச் 1944

அன்பு மகன் வலியுல்லாவுக்கு, உன் தகப்பன் போன பிறகு உன்னைத் தோளில் போட்டு வளர்த்த சாச்சா ஹபீபுர் ரஹ்மான் சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் கிருபையால் இங்கே எல்லோரும் மூச்சும் பேச்சுமாய் இருக்கிறோம், பட்டாளத்தில் நீயும் உன் லாரியும் அப்படியே இருக்க ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இந்த வீட்டில் இப்படியெல்லாம் நடக்கும் என்று நான் முன்னாலேயே சொன்னேன், நீ ரயிலேறின அன்றைக்கே சொன்னேன், யார் கேட்டார்கள். பயணம் போகிறவன் புஜத்தில் காசை முடிந்து கட்டுகிறது எதற்கு, பத்திரமாய்த் திரும்பி வந்து அதை அவிழ்த்து ஏழை கையில் கொடுக்கத்தானே. உன்னைப் பெற்ற அம்மி அப்படிக் கட்டின இமாம் ஜாமின் காசை நீ குளிக்கப் போகும்போது கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அப்படியே போய்விட்டாய். நான் ஜட்கா பிடித்து உன் பின்னாலேயே சென்ட்ரலுக்கு ஓடினேன், ரயில் கார்டு என்னைப் பார்த்துக் கொடியைத் தாழ்த்தி சலாமே போட்டான், ஜட்காக் குதிரைக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் கொள்ளு போட்டிருந்தால் ரயிலைப் பிடித்திருப்பேன்.

அன்றிலிருந்து உன் அம்மி அந்தக் காசை அதன் பச்சைத் துணியோடே நீ விட்டுப்போன கோடு போட்ட சட்டையின் வலது கையில் கட்டி வைத்து, விடிகாலைத் தொழுகை முடிந்ததும் அதைத் தடவி துவா ஓதி ஊதுவாள். சட்டைக்குள் நீ நிற்கிறதாக அவளுக்கு எண்ணம். விக்டோரியா ராணித்தலை போட்ட எட்டணா அது, ராணி மூக்குக்கு நேரே விளிம்பில், வெள்ளிதானா என்று பார்க்க எந்த ஆசாரியோ உளியால் வெட்டின தடம், துணிக்கு மேலேயே அவள் விரலுக்குத் தெரியும். போன மாதம் அவளுக்குக் குளிர்ஜுரம் கண்டது. யுத்தம் வந்ததிலிருந்து ஊரில் சில்லறைப் பஞ்சம், என் சோடாக் கடையில் காலணா மீதிக்குப் பாட்டில் கோலியைக் கொடுத்து அனுப்புகிறேன், ராயப்பேட்டையில் இப்போது என் கோலி சர்க்கார் காசு மாதிரி செல்லுகிறது. வீட்டில் இருந்தது ஒரு பத்து ரூபாய் நோட்டு. சில்லறை இல்லாமல் மருந்து கிடையாது என்றுவிட்டான் மருந்துக்கடைக்காரன். உன் பெண்சாதி குல்ஷன் என்ன செய்வாள், சட்டைக் கையை அவிழ்த்து அந்த எட்டணாவைக் கொடுத்து மருந்து வாங்கி வந்தாள். சாயந்தரம் நான் கடை அடைத்து வந்ததும் என்னிடம் வேறு எட்டணா வாங்கி, அதே பச்சைத் துணியில் முடிந்து வைத்தாள், எதற்கென்று நானும் கேட்கவில்லை. ஜுரம் இறங்கி உன் அம்மி எழுந்து தடவினாள், தடம் இல்லை. கேட்டதும் குல்ஷன் நடந்ததைச் சொல்லிவிட்டாள். என் பிள்ளை உயிரைக் கொண்டுபோய் மருந்துக்கடையில் வைத்துவிட்டாயேடி என்று விழுந்தவள்தான், அப்புறம் மருந்தும் இல்லை, குல்ஷன் வடித்த சோறும் இல்லை, இவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பு என்று ஒரே பேச்சு. ஜுரம் திரும்பவும் ஏறியது. குல்ஷன் பெட்டியைக் கட்டி வாசலண்டை வைத்துவிட்டு, அவங்க மருந்தைக் குடிக்கட்டும் சாச்சா, நான் போயிடறேன் என்றாள்.

அந்தக் காசை நான் கொண்டுவருகிறேன் என்று நெஞ்சைத் தட்டிக் கிளம்பினேன். மருந்துக்கடைக்காரனோ, அது அன்னிக்கே யாருக்கோ மீதியா பூட்சி பாய், ராணி மூஞ்சியப் பாத்துக்கினா குந்திங்கீறேன் என்றான். ஜட்காக்காரர்கள் மடியை அவிழ்த்துக் காட்டினார்கள். மயிலாப்பூரில் காய் விற்கிற புஷ்பம் சுருக்குப்பையைக் கொட்டி, எல்லாம் ராஜா தலைதான் கீது, வோணும்னா அதுக்கு ஒரு கொண்டை வெச்சு எடுத்துக்கினு போ நைனா என்றாள், மயிலாப்பூரே கூடிச் சிரித்தது, எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ராணித்தலையை சர்க்கார் திரும்ப வாங்கிக்கொண்டதிலிருந்து அது வெள்ளிக்காகக் கைமாறுமே தவிர யார் கல்லாவிலும் தங்குகிறதில்லை, தட்டுப்பட்டால் தியாகராய நகர் ஜவுளிக்கடை சண்முகவேல் அண்ணாச்சியிடம் போய்ச் சேர்ந்துவிடும், அவருக்குப் பழங்காசு சேர்க்கிற பைத்தியம். வே பாய், ஒரு எட்டணாவுக்கா இந்த அலைச்சல் என்று முதலில் கேலி செய்தார், விஷயத்தைச் சொன்னதும் வியாபாரத்தை நிறுத்தி, பழங்காசு போட்டு வைத்த பிஸ்கட் டின்னை ஜமுக்காளத்தில் கவிழ்த்தார். இரண்டு பேரும் விளிம்பு விளிம்பாகத் தடவினோம், அடியில் கிடந்தது, அதே தடம். அண்ணாச்சி பதிலுக்கு ஒன்றும் வாங்கவில்லை, பையன் வந்ததும் கூட்டிட்டு வாரும், சட்டைத்துணி எடுத்துக் குடுக்கேன் என்றார்.

கொண்டுவந்து அதே பச்சைத் துணியில் பொதிந்து உன் அம்மி கையில் வைத்தேன். துணியோடு தடவிக்கொண்டே வெகுநேரம் படுத்திருந்தாள். பிறகு குல்ஷனைக் கூப்பிட்டு நீயே கட்டு என்றாள், குல்ஷன் போட்ட முடிச்சு நிற்கவில்லை, உன் அம்மிதான் அவள் கைமேல் கைவைத்து இறுக்கினாள். இப்போது மருந்து குடிக்கிறாள், பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுத எழுத வாசிக்கச் சொல்லிக் கேட்கிறாள். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவேண்டுமாம், லாரி வரிசையில் முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் நடுவில் போகவேண்டுமாம். குல்ஷனுக்குத் தனியாக இரண்டு வரி எழுது, மறக்காதே. அல்லாஹ் உன்னை இந்த வாசற்படிக்குள் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு
உன் சாச்சா
ஹபீபுர் ரஹ்மான்

பின்குறிப்பு. உன் அம்மி தொழ எழுந்து போயிருக்கிறாள், அதற்குள் இதை எழுதிவிடுகிறேன். அண்ணாச்சி டின்னில் ராணித்தலை நிறைய இருந்தது, தடம் பட்டது ஒன்றுகூட இல்லை. அதில் ஒன்றை எடுத்து அவர் கடை வாசல் படிக்கல்லின் மேல் வைத்து, பக்கத்துத் தச்சனிடம் உளி வாங்கி, மூக்குக்கு நேரே நான்தான் வெட்டினேன், பொறுக்கிச் சேர்த்த நல்ல காசாயிற்றே என்று அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். குல்ஷனுக்கும் தெரியாது. நீ வந்து அவிழ்க்கிற அன்று உற்றுப் பார்க்காமல் ஏழை கையில் கொடுத்துவிடு. நானோ இன்னமும் கல்லாவில் விழுகிற ஒவ்வொரு எட்டணாவையும் கட்டைவிரலால் விளிம்பு தடவிப் பார்த்துத்தான் போடுகிறேன்.