காத்துப் புகாத கத்தி டப்பா

சித்திரை 3, செவ்வாய்

காலை எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்குது. இப்படி ஆகும்னு நான் முன்னாலேயே சொன்னேன். ரெண்டு வருஷத்துக்கு முந்தியே. யார்கிட்டச் சொன்னேன்னு ஞாபகம் இல்லை, ஆனா சொன்னேன்.

விசயம் இதுதான். அண்ணனோட கத்தி டப்பாவை இன்னைக்குத் திறந்தோம். ஞாயித்துக்கிழமை அண்ணனுக்கு ரெண்டாம் வருஷத் திதி. அவர் மகள் பாப்பா ஓசூர்ல இருந்து வாரா. "அப்பா பாக்கெட்டுல வச்சிருப்பாரே, அந்தச் சிவப்புப் பிடிக் கத்தி, அது மட்டும் எனக்கு வேணும் சித்தப்பா"ன்னு போன். அதுக்காகத்தான் திறந்தது.

மொத்தம் பதினாலு. எல்லாமே மடக்குக் கத்தி. அண்ணன் போர்வெல் வண்டியில டிரில்லர். வண்டி போன ஊர்ல எல்லாம் ஒண்ணு வாங்கிட்டு வருவார். அதுல ஒண்ணு ஒரு அரண்மனைக்குப் போர் போட்டப்ப ராணியம்மா கையால குடுத்தது. (சந்தையில வாங்கினது. ராணியம்மா நான் சேர்த்தது. கத்திக்கு ஒரு கெத்து வேணும்ல.)

டப்பாவை மூடினது நான். பெரிய எவர்சில்வர் சம்படம். கத்தியை எல்லாம் அண்ணன் துண்டுல ஒண்ணாச் சுத்தி உள்ளே வச்சு, மூடி விளிம்புக்குக் கிரீஸ், அதுக்கு மேல பைப்புக்குச் சுத்துற வெள்ளை டேப்பு ஆறு சுத்து. திருச்செங்கோட்டுப் பட்டறையில கம்ப்ரசர் ஜாயிண்டு ஆயிரம் சுத்தின கை இது. எறும்பு மூச்சுகூட உள்ளே போகாது. அப்பப் பிடியில எல்லாம் கற்பூர வாசம். சாமி வாசம்னு ஊரே வந்து மோந்து பார்த்தது. அது போயிரக் கூடாதுன்னுதான் அத்தனை சுத்து.

அதைவிட முக்கியக் காரணம், அண்ணன் ஆசுபத்திரியில கடைசியாச் சொன்ன வார்த்தை. "தம்பி, டப்பாவத் தொறக்க வேண்டாம்." காரியத்தன்னைக்கு அத்தனை சொந்தத்துக்கும் முன்னால எடுத்துச் சொன்னேன். அண்ணன் சம்சாரம், எங்க நங்கையா, அன்னைக்கே டப்பாவைச் சாமி அறையில விளக்குக்குப் பக்கத்துல வச்சவங்கதான். தினம் பூ.

இன்னைக்குப் பார்த்தா வெள்ளை டேப்புக்கு மேல பழுப்பு டேப்பு ஒரு சுத்து. நான் சுத்தினது இல்லை. அப்புறம் கேட்டுக்கலாம்.

திறந்ததும் கற்பூரம் இல்லை. பேட்டரித் தண்ணி நாத்தம். மூக்கு எரிஞ்சது.

"ஏனுங்க தம்பி, எலி கிலி செத்துக் கெடக்குதுங்களா?"

"எறும்பே போகாதுங்க நங்கையா. எலி எப்பிடிப் போகும்?"

துண்டைத் தொட்டேன், அப்பளமா நொறுங்குச்சு. இரும்பெல்லாம் துரு. பித்தளையெல்லாம் பச்சைக் களிம்பு. நங்கையா அப்படியே தரையில உக்காந்துட்டாங்க.

வாங்க வேண்டியது: மெல்லிசுத் துணி, தேங்கா எண்ணெய் (வேண்டாமோ? கேக்கணும்), என் பி.பி. மாத்திரை.

சித்திரை 4, புதன்

ஓமலூர். ரெண்டு பஸ் மாறி. சேலத்துல இருந்து நின்னுக்கிட்டே. மூணு கத்தி டிபன் பையில.

அங்கே துரைசாமின்னு ஒருத்தர். ஐ.டி.ஐ.யில பிட்டர் வாத்தியாரா இருந்து ஓய்வு. மடக்குக் கத்தி அறுபதுக்கு மேல வச்சிருக்கார். பலகைத் தட்டு, அடியில எல்லாம் ஓட்டை போட்டு, கத்திக்கு ஒரு குழி. டப்பாவே கிடையாது. பார்த்ததும் மனசுக்குள்ள சிரிச்சேன். பையில இருந்து எங்க கத்தியை வெளியே எடுக்கறப்ப சிரிப்பு நின்னு போச்சு.

சிவப்புப் பிடியை மோந்து பார்த்துட்டு ஜன்னலைத் திறந்தார்.

"செல்லுலாய்டுங்க. அந்தக் காலத்துச் சீப்பு, பொம்மை, சினிமா ரீலு எல்லாம் இதுலதான். இத எதுல போட்டு வச்சிருந்தீங்க?"

சொன்னேன். கிரீஸ், ஆறு சுத்து, சாமி வாசம், எல்லாம். கொஞ்சம் பெருமையாத்தான் சொன்னேன்.

"கற்பூரம் போட்டுத்தாங்க இதைச் செய்யறதே. வாசம் வருதுன்னா அதோட உசுரு வெளியே போயிட்டிருக்குதுன்னு அர்த்தம். அப்புறம் புளிச்சு ஆவி விடும். வெளியே விட்டா அது பாட்டுக்குப் போயிரும். மூடி வச்சா அந்த ஆவியே பிடியையும் தின்னு, இரும்பையும் தின்னு, பக்கத்துல இருக்கறதையும் தின்னும். ஒண்ணு கெட்டாப் போதும், உள்ள இருக்கறது அத்தனையும் போச்சு. எங்க வச்சிருந்தீங்க?"

"சாமி ரூம்லங்க. விளக்குக்குப் பக்கத்துல."

அந்த மனுசன் என்னையே பார்த்தார். "சாமி, இது தீப்பெட்டிக்குச் சமானம். ஊடு இன்னும் இருக்குதுங்களா?"

"அண்ணன் காப்பாத்திட்டாருங்க"ன்னேன். அப்புறம் அண்ணன் கடைசி வார்த்தையைச் சொன்னேன். என் கையைப் பிடிச்சதையும், ரெண்டு கண்ணுலயும் தண்ணி வந்ததையும் சேர்த்து. அவர் டீ வாங்கிக் குடுத்தார். குடிக்கறப்பச் சொன்னார்: "பெரியவரு தெரியாமச் சொல்லிட்டாரு போலங்க. மாசம் ஒருக்காத் தொறந்து காத்துக் காட்டியிருந்தா முக்காவாசி நின்னிருக்கும்."

டீயைப் பாதியிலேயே வச்சுட்டேன்.

அவர் சொன்னது, மறக்கும் முன்னே:
– மூடின டப்பா, பிளாஸ்டிக் கவர், தோல் உறை, மூணும் ஆகாது
– செல்லுலாய்டுப் பிடி (செ.பிடி) தனி, கொம்புப் பிடி தனி. செ.பிடியிலயும் ஒண்ணுக்கொண்ணு ஒரு சாண் தள்ளி
– நிழல், குளிர்ச்சி, காத்து. வெயில், அடுப்பு, விளக்குப் பக்கம் கூடாது
– எண்ணெய் இரும்புக்கு மட்டும், ஒரு சொட்டு. பிடிக்கு ஆகாது
– மாசம் ஒருக்கா எடுத்து மோந்து பாக்கணும். வேர்த்திருந்தா, வெடிச்சிருந்தா உடனே வெளியே
– வெடிச்சதுக்கு வைத்தியம் இல்லை
– இறுகிப்போன கத்தியைப் பலமா இழுக்கக் கூடாது. இதை ரெண்டு தடவை சொன்னார்

சித்திரை 6, வெள்ளி

அனல் காத்து. கரண்ட் மூணு தடவை போச்சு.

நங்கையா ஊட்டுப் பின் ரூம்ல பேப்பர் விரிச்சு, கத்திக்குக் கத்தி ஒரு சாண் தள்ளி வச்சாச்சு. ஜன்னலுக்குக் கொசுவலை. கணக்கு: கொம்புப் பிடி ஆறு, துரு தேய்ச்சா நிக்கும். செ.பிடி எட்டு. அதுல நாலு மாவாப் போச்சு, பழைய மண்சட்டியில போட்டுத் தோட்டத்துக் கடைசியில. ராணியம்மா கத்தியும் அதுலதான். மூணு சந்தேகம். மிச்சம் ஒண்ணு அந்தச் சிவப்பு. பிடியில மயிரிழை வெடிப்பு. இரும்பு உள்ளேயே இறுகிக் கெடக்கு. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வச்சிருக்கேன்.

டீக்கடையில கேட்டாங்க. செல்லுலாய்டு பத்தி நானே ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சதாச் சொன்னேன். ஓமலூர் வாத்தியாரே எங்கிட்டக் கேட்டுக் குறிச்சுக்கிட்டார்னும் சொன்னேன். வாய் தன்னால போகுது.

நங்கையா கதவு நிலையிலேயே நிக்கறாங்க. உள்ளே வரலை.

"தொறக்க வேண்டாம்னு அவரு அத்தனை சொல்லிட்டுப் போனாரு. இப்பிடிப் பரப்பி வச்சா கோவிச்சுக்குவாருங்களா தம்பி?"

"நான் பேசிக்கறேனுங்க"ன்னேன். யார்கிட்டப் பேசறது?

மாத்திரை இன்னும் வாங்கலை.

சித்திரை 8, ஞாயிறு

திதி ஆச்சு. வடை நல்லா இருந்தது. ஐயர் அவசரம்.

பாப்பா நேத்துச் சாயந்திரமே வந்துட்டா. அப்பா ஜாடை. இன்னைக்குச் சாப்பிட்டதும் நேராப் பின் ரூமுக்குத்தான் போனா. கத்திகளை ஒவ்வொண்ணாக் குனிஞ்சு பார்த்தா. அப்புறம் சிவப்பை எடுத்துக் காதுகிட்ட வச்சுக்கிட்டா.

"அப்பா இதுல கொய்யாக்கா நறுக்கித் தருவாரு. மடக்குனா டக்குன்னு ஒரு சத்தம் வரும். அது கேட்டாப் போதும் சித்தப்பா."

"வராது கண்ணு, இறுகிப் போச்சு. ஒரு வாரம் போகட்டும்"னு சொல்லியிருக்கணும். வாத்தியார் ரெண்டு தடவை சொன்னதை நானே என் கையால எழுதி வச்சிருக்கேன். ஆனா வாசல்ல சொந்தக்காரங்க நாலஞ்சு பேர். எல்லாரும் என்னையே பாக்கறாங்க.

"குடு இங்க. சித்தப்பன் கைக்குத் தொறக்காத கத்தி ஒண்ணு இருக்குதா?"

நகத்தை வச்சு இழுத்தேன். வரலை. பல்லைக் கடிச்சு இழுத்தேன். சத்தம் வந்தது. டக்குன்னு இல்லை. முறுக்குக் கடிச்ச மாதிரி. சிவப்புத் துண்டு துண்டா உள்ளங்கையில.

எல்லாரும் என் உள்ளங்கையையே பார்த்தாங்க. திட்டியிருந்தாத் தேவலை.

பாப்பா ஒவ்வொரு துண்டாப் பொறுக்கினா. கீழே பார்த்துக்கிட்டே கேட்டா: "சித்தப்பா, அப்பா டப்பாவத் தொறக்க வேண்டாம்னு எப்பச் சொன்னாரு? கடைசி நாளு மூஞ்சி பூரா மாஸ்க் போட்டிருந்துச்சே. நான் காலையில பாத்தேனே. பேச்சே இல்லையே."

"நீ போனப்பறம் சாமி. மாஸ்க்கைத் தள்ளிட்டுச் சொன்னாரு. எங் கையைப் பிடிச்சுக்கிட்டு."

நான் சொல்லி முடிக்கலை, நங்கையா குறுக்கே வந்துட்டாங்க. "ஏன் கண்ணு, சித்தப்பன் இதுல போயிப் பொய் சொல்லுவாங்களா? தப்பு என்னோடதுதான்." முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு என் பக்கம் திரும்பினாங்க. "தம்பி, உங்ககிட்டச் சொல்லவே இல்லீங்க. போன ஆடியில ஒரு நாளு மனசு கேக்கல. அந்தச் சத்தம் ஒருக்காக் கேக்கலாம்னு தொறந்துட்டேன். ஒரே ஒருக்கா. மடக்கிப் பாத்தேன், கேட்டுச்சு. மறுபடி டேப்பு ஒட்டி வச்சுட்டேனுங்க. அவரு வார்த்தைய மீறுனதாலதான் இத்தனையும் பாழாப் போச்சு."

பழுப்பு டேப்பு.

அப்பவே சொல்லியிருக்கலாம். நீங்க திறந்ததுதாங்க நல்லது, மூடினதுதான் கெடுதல். அவ்வளவுதான், ஒரு மூச்சுல சொல்லலாம். வாத்தியார் சொன்னதுதானே. ஆனா அதைச் சொன்னா அடுத்த கேள்வி வரும். அப்புறம் அண்ணன் ஏன் தொறக்க வேண்டாம்னு சொன்னாருன்னு.

என் வாயில இருந்து வந்தது: "நான் அப்பவே சொன்னேனுங்களே நங்கையா, தொறக்க வேண்டாம்னு."

பாப்பா என்னைப் பார்த்த பார்வை. துண்டையெல்லாம் கர்ச்சீப்புல முடிஞ்சா. நான் ஒரு வார்த்தை பேசினேன்: "மூடி வைக்காதே கண்ணு. காத்தாட வை." மண்டையை ஆட்டினா.

சித்திரை 9, திங்கள்

காலையில மேகம். மழை இல்லை. பாப்பா ஆறு மணி பஸ்ஸுக்குப் போயிட்டா. என் கால்ல விழலை. மறந்திருப்பா.

கொம்புப் பிடி ஆறுக்கும் எண்ணெய். சந்தேகம் மூணையும் மோந்து பார்த்தேன். ரெண்டுல கற்பூரம், ஒண்ணுல புளிப்பு. புளிப்பைச் சட்டியில போட்டாச்சு.

நங்கையா நேத்துல இருந்து சோறு தொடலைன்னு என் ஊட்டுக்காரி வந்து சொன்னா. "நீங்க போயி நாலு வார்த்தை சொல்லுங்களேன், வேற எல்லாத்துக்கும் வாய் நீளுதே"ன்னா.

வாசல் வரைக்கும் போனேன். சாமி அறையில காலி டப்பாவுக்குப் பூ வச்சிருக்காங்க. மூடி போட்டு, புதுசா டேப்பு ஒட்டி. திரும்பி வந்துட்டேன்.

இங்கேயாவது எழுதி வைக்கிறேன். அண்ணன் என்கிட்ட ஒண்ணும் சொல்லலை. டப்பாவைப் பத்தியும் சொல்லலை, எதைப் பத்தியும் சொல்லலை. அவர் போறப்ப நான் ஆசுபத்திரிக்கு எதிர்ல டீக்கடையில இருந்தேன். காரியத்தன்னைக்கு எல்லாரும் கடைசியா என்ன சொன்னார்னு கேட்டாங்க. டீக்கடையில இருந்தேன்னு எப்படிச் சொல்றது? கையில டப்பா இருந்தது. டப்பாவைச் சொன்னேன்.

நர்சு வந்து கூப்பிட்டதும் டீயை அப்படியே வச்சுட்டு ஓடினேன்.

இல்லை. குடிச்சு முடிச்சுட்டுத்தான் போனேன்.