நின்று நின்று ஓடிய குளத்தங்கரை

அக்கா,

இன்று காலை சைசிங் மில்லைத் தாண்டும்போது நூலுக்குப் போடும் கஞ்சி காய்ச்சுகிற வாசனை வந்தது. புளிப்பும் சூடுமாக அதே வாசனை. பழக்க தோஷத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சீக்கிரம் வாங்கக்கா" என்று பக்கத்தில் திரும்பிச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் யாருமில்லை. மறுபடி ஓட ஆரம்பித்து மாதக்கணக்காகியும் இந்தப் புத்தி போகவில்லை.

உங்களுக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்ன சமயத்தில்தான் ஒரு வாரப் பத்திரிகையில் அந்தப் பக்கம் என் கண்ணில் பட்டது. ஓடியே பழகாதவர்கள் கொஞ்சம் ஓடி, கொஞ்சம் நடந்து, மெல்ல மெல்ல ஓட்டத்தைக் கூட்டிக்கொண்டே போகலாமாம். கடிகாரம் பார்த்து ஓடுவதெல்லாம் நமக்கு ஆகாது என்று, ஒரு கரண்ட் கம்பம் ஓட்டம், இரண்டு கம்பம் நடை என்று நீங்கள்தான் மாற்றினீர்கள். இரண்டு பொம்பளைகள் விடிகாலையில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினால் ஊர் சும்மா இருக்குமா? "ஏனுங்க அம்மணி, ஊட்டுல ஏதாச்சும் ஆகிப்போச்சுங்களா?" என்று பதறிப்போய் நம் கூடவே ஓடி வந்தவர்கள் உண்டு. அதற்காகக் கையில் ஆளுக்கொரு பால் வாங்கும் போசியோடு ஓடினோம். பாலுக்குப் போகிறவள் எதற்கு ஓட வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை, அதுதான் ஆச்சரியம்.

முதல் தடவை நம் ஓட்டம் நின்றுபோனது உங்கள் வீட்டுக்காரரின் பெரியம்மாவால். எதிரே வந்த அவரை 'வாங்க' என்று முகம் பார்த்துக் கேட்டு மரியாதை செய்யாமல் ஓடிவிட்டீர்களாம். கேட்கத்தான் வாயைத் திறந்தீர்கள், வெறும் மூச்சுதான் வந்தது. நம் பக்கத்தில் சொத்தைப் பிடுங்கிக்கொண்டால்கூட மன்னித்துவிடுவார்கள். கண்டும் வாங்க என்று கேட்காவிட்டால் மூன்று தலைமுறைக்கு ஆகாது. "ஓட்டம் பெருசாப் போச்சு, ஒறம்பரை சிறுசாப் போச்சு" என்று, சொந்தபந்தத்தையே நீங்கள் மதிக்காததாக ஊரெல்லாம் சொன்னார். உங்கள் மகளின் சீர் விசேஷத்துக்கு அந்த வீட்டிலிருந்து ஒருத்தர்கூட வரவில்லை. நீங்கள் போசியைக் கவிழ்த்து வைத்துவிட்டீர்கள்.

அப்புறம் என் கதை. திருப்பூருக்கு வேலைக்குப் போன என் வீட்டுக்காரர் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். ஊரார் துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து போனார்கள். நீங்கள் ஒன்றும் விசாரிக்கவில்லை. ஒரு நாள் விடியும்போது கதவைத் தட்டி, "கண்ணு, எந்திரி. முதக் கம்பத்துல இருந்து மறுக்கா ஆரம்பிக்கலாம்" என்றீர்கள்.

"ஊர் வாய்க்குப் பயந்து நீங்களே நிறுத்திப்போட்டு, என்னையக் கூப்பிடறீங்களா?" என்று சிடுசிடுத்தேன்.

"அதுக்கு வழி வெச்சிருக்கறேன், வா."

உங்கள் வழி இதுதான்: எதிரே ஆள் வந்தால் நின்று வாங்க என்று கேட்க வேண்டும், அவர் தாண்டும்வரை நடை, பிறகு ஓட்டம். ஆள் நடமாட்டம் ஓயாத முகூர்த்த நாளென்றால் முழுக்க நடைதான். கேட்டதும் சிரித்துவிட்டேன். அந்த நாட்களில் நான் சிரித்தது அதற்கு மட்டும்தான். அப்படி நின்று நின்று ஓடியதுதான் என்னைத் திரும்ப ஆபீசில் கொண்டுபோய்ச் சேர்த்தது. உங்களுக்கும் சர்க்கரை குறைந்தது, கூடவே ஒரு ஆசையும் வந்தது. சூலூர்க் குளத்தங்கரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிற்காமல் ஓடிவிட வேண்டும். "ஒரே ஒருக்கா போதும் கண்ணு. அப்புறம் காலத்துக்கும் நடந்தாலும் பரவால்ல."

அன்றைக்குக் கரையில் ஒருத்தருமில்லை. ஓடிக்கொண்டே இருந்தோம். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி, மாட்டைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கரையேறி வந்தார். நீங்கள் நின்றுவிட்டீர்கள்.

"ஓடுங்கக்கா, அவரு ஒண்ணும் நெனைக்க மாட்டாரு."

"ஒரு வார்த்தைதான கண்ணு. கரை எங்க போவுது, நாளைக்கும் இங்கதான கெடக்கும்?"

வாங்க என்று கேட்டு, மாட்டுக்கு என்ன சீக்கு என்பதுவரை விசாரித்துவிட்டுத்தான் வந்தீர்கள். எனக்கு அப்படியொரு எரிச்சல். மறுநாள் மழை. அதற்கும் மறுநாள் உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது. கோயமுத்தூருக்குக் கார் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எழவு வீட்டில் யாரும் யாரையும் வாங்க என்று கேட்பதில்லை. அந்தப் பெரியம்மா வந்தார். யாரும் கேட்காமலே நேராக உள்ளே போய் உங்கள் காலடியில் உட்கார்ந்து அழுதார். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. இன்றைக்கு வரத் தெரிகிறதே, அன்றைக்குச் சீருக்கு வந்திருந்தால் என்ன என்று நாக்கு நுனிவரை வந்தது. உங்களுக்காக அடக்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் குளத்தங்கரைப் பக்கமே போகவில்லை. இப்போது எனக்கும் சர்க்கரை. விவாகரத்துக் கேஸ் வாய்தா வாய்தாவாக இழுக்கிறது. கேஸ் முடியட்டும், மனசு ஆறட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தவள், இந்தப் பொங்கல் கழிந்ததும் முதல் கம்பத்திலிருந்து மறுக்கா ஆரம்பித்தேன். தனியாக ஓடுவது பெரிய தண்டனை அக்கா. பேச்சில்லாமல் கம்பங்கள் வரவே மாட்டேன் என்கின்றன.

இன்று கரையில் பாதிக்கு மேல் போய்விட்டேன். எதிரே நம் மளிகைக் கடைக்காரர் வாழையிலைக் கட்டோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கால் தானாக நிற்கப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவரைத் தாண்டினேன். கோடிவரை ஓடிவிட்டேன் அக்கா. நிற்கவே இல்லை.

மூச்சு அடங்கியதும் திரும்பி நடந்து வந்தேன். அவர் சைக்கிளை நிறுத்தி, சரிந்த இலைக்கட்டை இறுக்கிக்கொண்டிருந்தார். "வாங்க" என்று கேட்டேன்.

"அப்பவே பாத்தனுங்க அம்மணி. ஓடிட்டு இருக்கறீங்க, எதுக்கு நிறுத்தோணும்னுதானுங்க நானும் கூப்பிடல" என்று சிரித்தார்.

இவ்வளவுதான் அக்கா. அன்றைக்கு நாமும் கோடிவரை ஓடிவிட்டுத் திரும்பி வந்து கேட்டிருக்கலாம். அந்த மாட்டுக்காரர் அதற்குப் பிறகும் வெகுநேரம் கரையிலேயேதான் மேய்த்துக்கொண்டிருந்தார். நம் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை.